கடன் மட்டுமல்ல, கையும் கொடுப்போம்

(இம்மாதக் குழுப் பாடம். ஊக்குநரோ, படிக்கத் தெரிந்த வேறு உறுப்பினரோ கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசிக்கவும். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டு கூட்டங்களில் வாசிக்கலாம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கறவை மாடு, தீர்மானப் புத்தகம் என்று பல விஷயங்களை நாம் பாடமாகப் பேசியிருக்கிறோம். இந்த மாதம் எடுத்துக்கொண்டது, யாருக்கும் வாயெடுத்துப் பேச மனம் வராத விஷயம். வீட்டுக்காரருக்கு வந்த நோய் இனி குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் இருக்கும் நம் உறுப்பினர் என்ன செய்வார்? அவர் இருக்கும் குழு என்ன செய்ய வேண்டும்?

"நல்ல நாளும் அதுவுமா இதை ஏன் பேசணும்?" என்று சிலர் கேட்கலாம். பேசாமல் விட்டதால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறோம்.

நடந்தது என்ன?

நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு குழுவில் ஒரு சகோதரி. அவரது சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை. அவருடைய கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்தவர். புகையிலைப் பாக்கு போடும் பழக்கம் உண்டு. வாயில் ஒரு புண் வந்து பல மாதம் ஆறவில்லை. "சூடு" என்று மோர் குடித்துக்கொண்டே நாளைக் கடத்தினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்றுநோய் கழுத்து வரை பரவியிருந்தது. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனும் கரண்டு வைத்தியமும் நடந்தன. எட்டு மாதத்தில் நோய் திரும்பி வந்தது. இந்த முறை டாக்டர், "இனி வீட்டிலேயே வைத்து நல்லபடியாகப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அந்தச் சகோதரி அதைப் புரிந்துகொண்டார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். நகையை அடகு வைத்தார். போதாதென்று நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கினார். மாத வட்டி மட்டும் 3,000 ரூபாய். வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு நாளில் அந்தப் பணம் கரைந்தது. நோய் அப்படியே இருந்தது. வலியும் அப்படியே இருந்தது.

இந்த நேரத்தில் குழு என்ன செய்தது தெரியுமா? தொடர்ந்து நான்கு வாரம் கூட்டத்துக்கு வராததற்கு அவருக்கு அபராதம் எழுதியது. வாரம் பத்து ரூபாய், மொத்தம் நாற்பது. நாங்களும் எங்கள் மாத அறிக்கையில் "வருகை குறைவு, தவணை நிலுவை" என்று எழுதினோம். ஏன் வரவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. கடைசியில் ஊக்குநரோடு அந்த வீட்டுக்குப் போனதும் நிலுவைத் தவணையைக் கேட்கத்தான். நலம் விசாரிக்கப் போனோம் என்று சொன்னால் அது பொய்.

வாசலிலேயே புண்ணின் நாற்றம் அடித்தது. உள்ளே அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்தச் சகோதரி வெளியே வந்து சொன்னது இது: "மேடம், அபராதம் எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க, கட்டிடறேன். கூட்டத்துக்கு மட்டும் வரச் சொல்லாதீங்க. இவர வுட்டுட்டு வர முடியல. ராத்திரியெல்லாம் வலில கத்தறாரு. நான் தூங்கி எத்தன நாளாச்சுன்னே தெரியல."

எங்களால் பதில் பேச முடியவில்லை. அன்று சாயங்காலமே குழு கூடியது. அபராதத்தை ரத்து செய்தது. அசல் தவணையை மூன்று மாதம் தள்ளி வைத்தது. "யார் எந்த நாளில் அந்த வீட்டுக்குப் போவது?" என்று முறை வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஏழு வாரம் அவர் உயிரோடு இருந்தார். அந்த ஏழு வாரத்தில் நாங்களும் குழுவும் கற்றுக்கொண்டவைதான் இந்தப் பாடம்.

பாடம் 1: "குணமாகாது" என்றால் "ஒன்றும் செய்ய முடியாது" என்று அர்த்தமல்ல

நோயை விரட்ட முடியாதபோதும் வலி, மூச்சுத் திணறல், வாந்தி, புண், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைக் குறைக்க முடியும். இதற்கென்றே ஒரு மருத்துவம் இருக்கிறது. நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். டாக்டர்கள் பாலியேட்டிவ் கேர் என்பார்கள். 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் இதற்காகத் தனி இல்லம் தொடங்கினார். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு ஆரம்பித்தார்கள். பிறகு மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர் மக்களே பயிற்சி எடுத்து, பக்கத்து வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 2008-ல் கேரள அரசு இதை அரசுக் கொள்கையாகவே ஏற்றது. அங்கே வீடு வீடாகப் போனவர்களில் பலர் நம்மைப்போல சாதாரண ஜனங்கள்தான்.

நம் ஊரில் என்ன இருக்கிறது? 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. 2004 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுப்பது மட்டும் அதன் வேலை என்று பலர் நினைக்கிறோம். படுத்த படுக்கையாய் இருப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு செவிலியரும், இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. வீடு வீடாக வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான். அவரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியச் சொல்லுங்கள். 104 எண்ணுக்குப் போன் செய்தும் விசாரிக்கலாம்.

மேற்கொண்டு வைத்தியம் பார்க்கக் கடன் வாங்கும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. இந்தச் சிகிச்சையால் நோய் குணமாகுமா? குணமாகாது என்றால் எவ்வளவு காலம் கூடும்?
2. இதனால் வலியும் தொல்லையும் குறையுமா, கூடுமா?
3. இது காப்பீட்டுத் திட்டத்தில் வருமா? வராவிட்டால் மொத்தச் செலவு எவ்வளவு?

தனியாகப் போனால் இந்தக் கேள்வி வாயில் வராது. அழுகைதான் வரும். குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். நாங்கள் நான்கு வாரம் முன்னால் அந்த வீட்டு வாசலை மிதித்திருந்தால், அந்த 60,000 ரூபாய் கடன் இல்லாமல் போயிருக்கலாம்.

பாடம் 2: வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

"கேன்சர்னா வலிக்கத்தான் செய்யும்" என்று நாம் சொல்கிறோம். அப்படி விட வேண்டியதில்லை. சாதாரண வலி மாத்திரை கேட்காதபோது மார்ஃபின் என்ற மருந்தை டாக்டர் எழுதித் தருவார். அபினிலிருந்து எடுக்கப்படுவதால் 1985-ம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. நோயாளிகளுக்குக் கிடைப்பது சுலபமாக வேண்டும் என்று 2014-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போதும் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அனுமதி பெற்ற மருத்துவமனையில்தான் கிடைக்கும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, முதலில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த இடத்துக்கோ போய், "வலிக்கு மருந்து வேண்டும், நோய் ஆதரவு சிகிச்சை எங்கே கொடுக்கிறார்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மார்ஃபின் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை:

* டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.
* டாக்டர் மேற்பார்வையில் வலிக்காகக் கொடுக்கும்போது, பயப்படுவதுபோல் போதைக்கு அடிமையாக்கிவிடாது. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும்.
* மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள்.
* திடீரென்று நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அந்தச் சகோதரியின் கணவருக்கு மருந்து கிடைத்த மூன்றாம் நாள், அவர் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார். சகோதரியும் தூங்கினார். மறுநாள் போன உறுப்பினர் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். தட்டித் திறந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு பேரும் அசந்து தூங்கியிருக்கிறார்கள்.

பாடம் 3: வீட்டில் செய்யும் பராமரிப்பு

படித்தவர்கள்தான் இதைச் செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தின் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்த மலை ஊர்களின் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துத்தான் மருத்துவமனையை நடத்தினார்கள். சொல்லிக்கொடுத்தால் எல்லாப் பெண்களும் கற்றுக்கொள்ளலாம்.

படுக்கைப்புண்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடுப்பு, குதிகால், முதுகு சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் கூடாது.

புண்: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டு, அதில் துடையுங்கள். துடைக்கும் துணியைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாற்றம் இருந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து தூவச் சொல்லி டாக்டர் எழுதித் தருவார். அவரைக் கேட்டே செய்யுங்கள். நாற்றம் குறைந்தால் பார்க்க வருகிறவர்கள் கூடுவார்கள். தன்னைப் பார்த்து எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள் என்பதுதான் அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

உணவு: நிமிர்த்திச் சாய்த்து உட்காரவைத்துக் கொடுங்கள். வடிகட்டிய ராகிக் கூழ், கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. நோய் முற்றும்போது பசி தானாகவே அடங்கும். "சாப்பிட்டால்தான் தெம்பு வரும்" என்று வாயைத் திறந்து ஊட்டாதீர்கள், புரையேறும். அவர் சாப்பிடாதது உங்கள் குற்றமல்ல.

பாடம் 4: உண்மையை மறைக்க வேண்டாம்

"அவருகிட்ட சொல்லாதீங்க, தாங்கமாட்டாரு" என்று வீட்டில் எல்லோரும் ரகசியம் காப்பார்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். அவரும் மனைவி தாங்கமாட்டாள் என்று மறைத்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு, பேச வேண்டியதைப் பேசாமலே காலம் போய்விடும். அவர் கேட்டால், கேட்ட அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் திணிக்க வேண்டாம்.

நம் சகோதரியிடம் அவர் ஒரு ராத்திரி, "எனக்கு இனி ஆகாதுன்னு தெரியும், நீ ஏன் ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுவறே?" என்று கேட்டாராம். அன்று விடியும்வரை இருவரும் பேசினார்கள். மேஸ்திரி தர வேண்டிய கூலி பாக்கி எவ்வளவு, பட்டா எந்தப் பெட்டியில் இருக்கிறது, பெரிய பெண்ணைப் படிப்பை நிறுத்தாமல் படிக்க வை என்பதெல்லாம் அன்று சொன்னதுதான்.

அவர் தெளிவாகப் பேசும்போதே பார்த்து வைக்க வேண்டியவை:

* வங்கிக் கணக்கில் வாரிசுதாரர் (நாமினி) பெயர் இருக்கிறதா?
* கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு. இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பாஸ்புக்கைக் கொண்டுபோய் வங்கியில் கேளுங்கள்.
* கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, உழவர் பாதுகாப்பு அட்டை இருந்தால் புதுப்பித்திருக்கிறதா?
* பட்டா, ஆதார், ரேஷன் அட்டை எங்கே? யாரிடம் எவ்வளவு கடன், யார் எவ்வளவு தர வேண்டும்?
* வெற்றுத் தாளில் அவரிடமோ உங்களிடமோ யாரும் கைநாட்டு வாங்க விடாதீர்கள்.

பாடம் 5: கடைசி நாட்கள்

அதிக நேரம் தூங்குவார். தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். கை கால் சில்லிடும். மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். பார்ப்பவருக்குத்தான் அது பயமாக இருக்கும். அவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. பக்கவாட்டில் படுக்க வையுங்கள். உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள். காது கேட்டுக்கொண்டிருக்கலாம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் தலைமாட்டில் சொத்துப் பேச்சும் சண்டையும் வேண்டாம்.

நம் சகோதரியின் கணவர் புரட்டாசியில் ஒரு விடியற்காலை தன் வீட்டுத் திண்ணையில் போய்ச் சேர்ந்தார். அன்று முறைக்கு வந்திருந்த இரண்டு உறுப்பினர்கள் கூட இருந்தார்கள். "தனியா இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியாது அக்கா" என்று பின்னால் அவர்களிடம் சொன்னார்.

பாடம் 6: இறந்த பிறகு

துக்கத்துக்கு நடுவே செய்ய வேண்டிய அரசு வேலைகள் உண்டு. அவற்றுக்குக் குழுவில் ஒருவர் பொறுப்பெடுக்கவும்.

1. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். சான்றிதழ் நான்கைந்து பிரதி வாங்கி வையுங்கள்.
2. வாரிசு சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குப் பங்கு உண்டு. மகள்களை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.
3. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியைக் கேட்டு விண்ணப்பியுங்கள்.
4. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதிப்பவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால் 20,000 ரூபாய் குடும்ப நல உதவி உண்டு.
5. கணவர் தனியாக வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு. அநியாய வட்டிக்கு எதிராக 2003-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டிருக்கிறது. மிரட்டினால் போலீசிலோ ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று இருக்கிறது. அதற்கு எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க முடியாது. காரியம் முடிந்ததும், "தாலி அறுத்தவ கூட்டத்துக்கெல்லாம் போகக் கூடாது, ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும்" என்று அந்தச் சகோதரியின் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவரும் கணவரை இழந்தவர்தான். அவர் நேராகப் போய், "நான் இருவது வருஷமா போறேன், இவ ஏன் வரக்கூடாது?" என்று கேட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு வைத்திருந்தார்கள். அன்று அவர் எதுவும் பேசவில்லை. சேமிப்பைக் கட்டினார், கையெழுத்துப் போட்டார், கொஞ்ச நேரம் அழுதார், போனார். அடுத்த வாரமும் வந்தார்.

இரண்டு மாதம் கழித்து அவர் எங்களிடம் சொன்னது: "அவரு போனதுல ஒரு நிம்மதி வந்துச்சு மேடம். அப்படி நெனச்சதுக்கே என் மேல எனக்கு அருவருப்பா இருக்கு." இப்படித் தோன்றுவது பாவமல்ல, சகோதரிகளே. மாதக்கணக்கில் கண்விழித்துப் பார்த்தவர்கள் பலருக்கும் இது வரும். அவர் படும் பாடு முடிந்தது என்ற நிம்மதி அது. அதற்காக அன்பு குறைந்தது என்று ஆகாது. ஆனால் பல வாரமாகத் தூங்காமல், சாப்பிடாமல், வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

அந்தக் கந்துவட்டிக் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. குழு கொடுத்த உள்கடனில் பாதியை அடைத்தார். மீதியை ராகி வயல் கூலியிலும் புளி உடைக்கும் கூலியிலும் கட்டிக்கொண்டிருக்கிறார். பெரிய பெண் படிப்பை நிறுத்தவில்லை.

குழு நிறைவேற்ற வேண்டிய தீர்மானம் (மாதிரி)

"நம் உறுப்பினர் எவரும் முன்னறிவிப்பின்றி இரண்டு கூட்டங்களுக்கு வராவிட்டால், அபராதம் எழுதும் முன் இரண்டு உறுப்பினர்கள் அவர் வீட்டுக்குச் சென்று காரணம் அறிய வேண்டும். வீட்டில் தீராத நோயாளி இருந்தால் அபராதம் இல்லை. அசல் தவணையைத் தள்ளி வைப்பது பற்றிக் குழு முடிவு செய்யும். வாரம் குறைந்தது மூன்று நாள் முறைவைத்து ஒருவர் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் இருந்து, உறுப்பினர் குளிக்கவும், தூங்கவும், வெளிவேலை பார்க்கவும் உதவ வேண்டும்."

பெரிய பண உதவி எதுவும் இதில் இல்லை. இரண்டு மணி நேரம்தான். அந்தச் சகோதரியிடம் எது அதிகம் உதவியது என்று கேட்டோம். "செவ்வாக்கிழம செவ்வாக்கிழம தலைக்கு ஊத்திக்க முடிஞ்சுது" என்றார்.

1989-ல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் குழுக்கள் ஆரம்பித்தது நம் தருமபுரியில்தான். பத்துப் பத்து ரூபாயாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கக் கற்றுக்கொண்டோம். அதே முறையில் நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

குழுவில் பேசுவதற்கான கேள்விகள்

1. நம் குழுவில் இப்போது யார் வீட்டிலாவது படுத்த படுக்கையாய் நோயாளி இருக்கிறாரா? கடைசியாக அங்கே போனது யார், எப்போது?
2. நம் ஊருக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் யார்? அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைக்கலாமா?
3. கணவரை இழந்த உறுப்பினரை நாம் எந்தெந்த நிகழ்ச்சியில் ஒதுக்குகிறோம்? எதை முதலில் மாற்றலாம்?
4. நம் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்தைத் தாண்டியும் ஆறாத வாய்ப்புண் இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுவது யார் பொறுப்பு?

உங்கள் குழு எடுத்த தீர்மானத்தை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எங்கள் அறிக்கையில் இனி "வருகை குறைவு" என்று மட்டும் எழுதமாட்டோம். பக்கத்தில் காரணத்தையும் எழுதுவோம்.